மெட்ரோ வேலை முடிந்த பிறகு பனகல் பார்க்கைச் சுற்றி நடக்க வழி இருக்குமா?

முகூர்த்தப் பட்டு எடுக்க வருபவர்கள், பாண்டி பஜாரில் வளையலும் செருப்பும் வாங்க வருபவர்கள், காலையில் வாக்கிங் போகும் பெரியவர்கள், திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்கு வருபவர்கள்... சென்னை தி.நகரில் இவர்கள் எல்லோரும் கடந்துபோகிற இடம் பனகல் பார்க். உஸ்மான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என்.செட்டி சாலை, தியாகராய சாலை எனப் பல சாலைகள் இந்தப் பூங்காவைச் சுற்றி வந்து சேர்கின்றன. கடைகள் எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆனால், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

இப்போது மெட்ரோ பணியும் சேர்ந்துகொண்டுள்ளது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கி.மீ. தூரத்துக்கு அமைக்கப்படும் 4-வது வழித்தடத்தில், பனகல் பார்க் ஒரு சுரங்க ரயில் நிலையம். அதற்காகப் பூங்காவின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, சுற்றிலும் தடுப்புகள் வைக்கப்பட்டன. சாலை குறுகியது. பிளாட்பாரம் இருந்த இடத்தில் தடுப்பு நிற்க, மக்கள் வண்டிகளோடு வண்டிகளாக நடக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் தடுப்புகளை எடுப்பார்கள். தோண்டிய சாலைகளைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். அப்போது பழையபடி தார் ஊற்றி வாகனங்களுக்கு விட்டுவிடுவார்களா, நடப்பவர்களையும் கணக்கில் வைத்துப் புதிதாக அமைப்பார்களா? தார் ஊற்றிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

வீடுகளுக்காகப் போட்ட சாலைகள்

1920-களில் மாம்பலம் பகுதியில், ஏரி இருந்த இடத்தையும் சேர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்புதான் தி.நகர். நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு வந்தது. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு வந்தது. பூங்காவை நடுவில் வைத்து, சுற்றிலும் சாலைகள் பிரிந்து செல்லும்படி திட்டமிட்டார்கள்.

அந்தச் சாலைகள் வீடுகளுக்காகப் போடப்பட்டவை. 1928-ல் நல்லி பட்டுக்கடை தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகத் துணிக்கடைகள், நகைக்கடைகள், பாத்திரக்கடைகள் வந்தன. குடியிருப்பாக இருந்த ஊர், தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கல்யாண ஜவுளி வாங்க வரும் ஊராக மாறியது. சாலையின் அகலம் மட்டும் பெரிதாக மாறவில்லை. கார், ஆட்டோ, டூவீலர், பஸ் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது போக மிஞ்சியதுதான் நடப்பவர்களுக்கு.

ஒரு நாளைக்கு 90 பேர்

இது பனகல் பார்க்கின் பிரச்னை மட்டுமில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் சாலையில் நடந்து சென்றவர்கள். அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நாள் கணக்கில் சொன்னால், தினமும் சுமார் 90 பேர்.

நடந்து போகிறவருக்கு ஹெல்மெட் கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. அவரைக் காப்பாற்றக்கூடியவை வண்டியின் வேகமும் சாலையின் அமைப்பும்தான்.

30-க்கும் 50-க்கும் என்ன வித்தியாசம்?

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். 50 கி.மீ. வேகத்தில் வந்தால், அதே ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதைப் பார்த்து, டிரைவரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை 14 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. காய்ந்த, நல்ல சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வந்த கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வந்த காருக்கு, பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே குழந்தை எதிரில் இருக்கும்.

வேகம் கூடக் கூட அடியும் பலமாகும். வேகம் 50-லிருந்து 65 கி.மீ. ஆனால், கார் மோதி நடப்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பனகல் பார்க் பகுதியில் பகலில் நெரிசலே வேகத்தைக் குறைத்துவிடும். அதிகாலையிலும், கடைகள் மூடிய பிறகும், மேம்பாலத்திலிருந்து இறங்கும் இடங்களிலும்தான் வண்டிகள் பறக்கும். அதிகாலைதான் பெரியவர்கள் பூங்காவுக்கு வாக்கிங் வரும் நேரம்.

பக்கத்திலேயே இருக்கும் பாடம்

2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையைக் கொண்டுவந்தது. இந்திய நகரங்களில் இப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்றது சென்னைதான்.

அந்தப் பாதையில் வந்ததுதான் பாண்டி பஜார் நடைபாதை வளாகம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உருவாகி, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. தியாகராய சாலையின் இரண்டு பக்கமும் பிளாட்பாரம் அகலமானது. உட்கார இருக்கைகள் வந்தன. வண்டிகள் ஏறாமலிருக்கக் குட்டைக் கம்பங்கள் நடப்பட்டன. தாத்தா ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டில் மற்றவர்கள் கடை கடையாக ஏறி இறங்கலாம் என்ற நிலை அந்தச் சாலைக்கு அப்போதுதான் வந்தது.

அதே சாலை இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. கட்டி முடித்தால் மட்டும் போதாது. நடைபாதையில் டூவீலர்கள் ஏறுகின்றன, பராமரிப்பு சரியில்லை என்ற புகார்கள் பின்னாளில் வந்துகொண்டே இருந்தன. தினமும் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் அகலமான பிளாட்பாரம் பார்க்கிங் ஆகிவிடும்.

அடுத்து வந்தது ஆகாய நடைபாதை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் இது 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்கப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், எதிர்ப்பக்கக் கடைக்குப் போக மட்டும் யாரும் படியேறி இறங்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது, தரையிலேயே பாதுகாப்பாகக் கடக்க ஒரு வழி.

பூங்காவைச் சுற்றி என்ன செய்யலாம்?

முதலில் பிளாட்பாரம். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, தடை எதுவும் இல்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் இடிக்காமல் போகக்கூடிய அளவு இது. கடைவீதிகளில் இதைவிட அதிகம் தேவை. இந்த அகலத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மர், மின்பெட்டி, விளம்பரப் பலகை எதுவும் வரக் கூடாது. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முட்டி வலி உள்ளவர்கள் பிளாட்பாரத்தை விட்டுச் சாலையில் இறங்கி நடக்க, அதன் உயரமும் ஒரு காரணம்.

இரண்டாவது, கடக்கும் இடம். ஜீப்ரா கோடுகள் மட்டும் போதாது. அந்த இடத்தில் சாலையையே பிளாட்பாரத்தின் உயரத்துக்கு மேடாக்கினால், வண்டி தானாக வேகம் குறையும். நடப்பவர் ஏறி இறங்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் அப்படியே போகும்.

மூன்றாவது, நடுவில் நிற்க ஓர் இடம். சாலை 14 மீட்டர் அகலம் என்றால், விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் கடக்க 12 விநாடி ஆகும். மெதுவாக, விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17 விநாடிக்கு மேல் ஆகும். நடுவில் பாதுகாப்பாக நிற்க இடம் இருந்தால், அவர் ஒரு நேரத்தில் 7 மீட்டர் கடந்தால் போதும். ஒரே பக்கத்திலிருந்து வரும் வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும்.

நான்காவது, சிக்னலில் நடப்பவர்களுக்குத் தனி நேரம். பச்சை மனிதன் எரியும் நேரத்தை, வேகமாக நடக்கும் இளைஞரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று வண்டிகள் நிற்காமல் திரும்பும் முனைகளில், அந்த நேரத்துக்கு அர்த்தமே இருக்காது. முனையின் வளைவைக் குறுக்கினால் வண்டிகள் மெதுவாகத்தான் திரும்ப முடியும்.

ஐந்தாவது, பார்வையற்றவர்களுக்கான தரை. மெட்ரோ நிலையங்களில் பார்க்கும் மஞ்சள் ஓடுகளில், நீளக் கோடுகள் ‘போகலாம்’ என்றும், புள்ளிகள் ‘நில், கவனி’ என்றும் சொல்கின்றன. ரயில் நிலைய வாசலோடு அது நின்றுவிடாமல் பூங்கா, பஸ் நிறுத்தம் வரை தொடர வேண்டும்.

கடைக்காரர்களின் கவலை

பார்க்கிங்கைக் குறைத்தால் வியாபாரம் குறையுமே என்ற கவலை கடைக்காரர்களுக்கு இருக்கும். அது நியாயமான கேள்விதான். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் தேவை. அந்த இடத்தில் பத்துப் பேர் தாராளமாக நின்று கடையின் கண்ணாடி வழியே புடவை பார்க்கலாம். கார்களுக்கு தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. மெட்ரோ ஓடத் தொடங்கினால், அதில் வந்து இறங்கும் ஒவ்வொருவரும் நடந்துதான் கடைக்கு வருவார்கள்.

நடைபாதை வியாபாரிகளையும் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களுக்கென இடம் ஒதுக்கச் சொல்கிறது. நடக்கும் அகலத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தால் இருவருக்கும் தொல்லை இல்லை. அதற்கான இடத்தையும் வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராஸிங்கில் ஒருவர் கடக்கும்போது, வண்டியை நிறுத்தி வழிவிட வேண்டும் என்பது வாகன ஓட்டுநர்களுக்கான விதி. தடையில்லாத நடைபாதை என்பது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆக, பிளாட்பாரம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

குடும்பத்தோடு போகும்போது...

* குழந்தையைச் சாலைப் பக்கம் விடாமல், கடைப் பக்கமாக நடக்க வையுங்கள். கையின் விரலைப் பிடிப்பதைவிட மணிக்கட்டைப் பிடிப்பது நல்லது.
* நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் கடக்க வேண்டாம். பின்னால் வரும் டூவீலருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.
* தடுப்புகளை ஒட்டி நடக்க நேர்ந்தால், வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடங்கள். வருவது கண்ணுக்குத் தெரியும்.
* அதிகாலை, இரவு நேரங்களில் வெளிர் நிற உடை உதவும்.
* கடந்து முடிக்கும்வரை செல்போன் பைக்குள் இருக்கட்டும். பெரியவர்கள் உடன் வந்தால், சிக்னல் பாதியில் இருக்கும்போது இறங்காமல் அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

யாரிடம் கேட்பது?

உடைந்த பிளாட்பாரம், எரியாத தெருவிளக்கு போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணிலும், ‘நம்ம சென்னை’ செயலியிலும் புகார் தரலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாலையைத் திரும்பப் போடும் திட்டத்தைப் பற்றி, வார்டு கவுன்சிலரிடமும் ஏரியா சபைக் கூட்டத்திலும் கேட்கலாம். பொதுவாக ‘நல்ல ரோடு வேண்டும்’ என்று கேட்டால் தார் மட்டும்தான் கிடைக்கும். பிளாட்பாரம் எத்தனை மீட்டர், மேடான கிராஸிங் எந்தெந்த இடத்தில், சிக்னலில் நடக்க எத்தனை விநாடி, பராமரிப்பது யார்... இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.