தாத்தா பார்த்த 'கர்ணன்' எங்கே?

(எபிசோடில் பேசியது, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன மாசம் ஆரணிக்கு, தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுத்தறி ஓடுற வீடு. மதியம் தறியை நிறுத்திட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தப்போ, மொபைல்ல 'கர்ணன்' போட்டுக் கொடுத்தேன். 1964 பொங்கலுக்கு வந்த சிவாஜி படம். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது நான் கொட்டகையில பார்த்த படம் இல்லப்பா"ன்னார்.

"அதே படம்தான் தாத்தா. இப்போ இன்னும் தெளிவா இருக்கு."

"தெளிவாத்தான் இருக்கு. ஆனா கரையை வெட்டிட்ட புடவை மாதிரி இருக்கு."

வயசானவங்க பழசைத்தான் புகழ்வாங்கன்னு விட்டிருப்பேன். தேடிப் பார்த்தா, அவர் சொன்னது சரி.

கட்டம் மாறிய கதை

பி.ஆர். பந்துலு 'கர்ணன்' எடுத்த காலத்துல திரை இன்னைக்கு இருக்குற மாதிரி நீளமா இல்ல. படத்தோட உயரம் 1 அடின்னா அகலம் சுமார் 1.37 அடி. தமிழோட முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973-லதான். ஆனா 2012 மார்ச்ல 'கர்ணன்' டிஜிட்டலா புதுப்பிக்கப்பட்டுத் திரும்ப தியேட்டருக்கு வந்தப்போ, அதை சினிமாஸ்கோப்பா மாத்தியிருந்தாங்க. அதுல அகலம் சுமார் 2.35.

ஒரு சின்ன கணக்கு. 1.37 படத்தை 2.35 திரையில நிரப்பணும்னா, மேலயும் கீழயும் சேர்த்து 40 சதவீதத்துக்கு மேல வெட்டணும். வெட்டாம இழுத்தா முகம் அகலமாயிடும். ரெண்டையும் கலந்து செஞ்சாலும் ஏதோ ஒண்ணு போகத்தான் செய்யும். கிரீடம் வெச்ச ராஜாக்கள் நிறைஞ்ச படத்துல மேல்பக்கத்தை வெட்டினா எது போகும்னு யோசிச்சுக்கோங்க. தாத்தா பார்த்தது அந்த அகலப் பதிப்பைத்தான்.

இதுக்கு நேர் எதிரான கதையும் உண்டு. நம்ம பழைய டப்பா டிவியோட அளவு 4-க்கு 3. ஸ்கோப்ல எடுத்த படத்தை அதுல காட்ட, ஒண்ணு மேல கீழ கறுப்புப் பட்டை விடணும், இல்லன்னா ரெண்டு பக்கத்தையும் வெட்டணும். வெட்டினா இங்கயும் 40 சதவீதத்துக்கு மேல காலி! பேசுறவர் இருப்பார், எதிர்ல நிக்குறவர் காணாமப் போயிருப்பார்.

வேகமும் சத்தமும்

தியேட்டர்ல ஃபிலிம் ஓடுறது நொடிக்கு 24 ஃபிரேம். நம்ம ஊர் டிவி முறையான 'பால்', நொடிக்கு 25. பெரும்பாலும் படத்தைக் கொஞ்சம் வேகமா ஓட்டித்தான் இதைச் சமாளிச்சாங்க. அப்போ இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிடும். சுருதியைச் சரிபண்ணலன்னா பாட்டும் லேசா மேல ஏறிடும்.

விசிடி இன்னும் மோசம். ஒரு ஃபிரேம்ல 352-க்கு 288 புள்ளிதான், அதாவது சுமார் 1 லட்சம். ஃபுல் எச்டில 20 லட்சத்துக்கு மேல.

சத்தமும் மாறிடுச்சு. 1964-ல 'கர்ணன்' ஒலி ஒரே தடம்தான், வசனம், இசை எல்லாம் ஒண்ணா திரைக்குப் பின்னாடி இருந்து வந்தது. 2012-ல பல ஸ்பீக்கர்ல பிரிஞ்சு சுத்தி வந்தது.

அப்போ புதுப்பிச்சது தப்பா?

இல்லவே இல்ல. அந்தப் பதிப்பு சென்னையில 100 நாளைத் தாண்டி ஓடுச்சு. அப்புறம்தான் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-லயும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015-லயும் திரும்ப வந்துச்சு. யாரும் தொடாம விட்டா ஃபிலிம் பெட்டிக்குள்ளயே அழியும். 1931-ல வந்த முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்', இன்னைக்கு ஒரு பிரதிகூட இல்ல. புனேல தேசிய திரைப்பட ஆவணக் காப்பகமே 1964-லதான் ஆரம்பிச்சாங்க, 'கர்ணன்' வந்த அதே வருஷம்.

பிரச்சினை எங்கன்னா, புதுப் பதிப்பு மட்டும் மிஞ்சி மூலப் பிரதி போயிட்டா, வெட்டுப்பட்டதுதான் படம்னு ஆயிடும். அதனால முதல்ல முழுக் கட்டத்தையும் ஸ்கேன் பண்ணிப் பத்திரமா வைக்கணும். அப்புறம் ஸ்கோப்போ, பல தட ஒலியோ, என்ன வேணா பண்ணிக்கலாம்.

நாம செய்யக்கூடியதும் இருக்கு. பழைய படம் பார்க்கும்போது டைட்டில் எழுத்து ஓரத்துல வெட்டுப்படுதா, தலை இடிக்குதான்னு பாருங்க. பக்கவாட்டுல கறுப்புப் பட்டை இருந்தா எரிச்சல்படாதீங்க, அதுதான் முழுப் படம். ரெண்டு விரலால ஜூம் பண்ணித் திரையை நிரப்புனா, கத்திரி நம்ம கைல!

மறுநாள் தாத்தாவுக்கு டிவில இருந்து எடுத்த பழைய சதுரப் பிரதி ஒண்ணைத் தேடிக் கொடுத்தேன். நிறம் வெளுத்து, கோடு கோடா இருந்துச்சு. "சாயம் போயிடுச்சு, ஆனா கரை இருக்கு"ன்னார். அன்னைக்கு மதியம் தறி ரொம்ப லேட்டாத்தான் ஓடுச்சு.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அவங்க தியேட்டர்ல பார்த்த ஒரு படத்தைப் பத்திக் கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!