பாலைவனம் உடைத்ததும் பட்டறை கட்டியதும்

1962-ல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்துக்கு முழு நீளத் தார்ச்சாலை கிடையாது. வடக்கு முனையில் டிஹுவானா, தெற்கே லா பாஸ். நடுவே கல், மணல், கள்ளிக்காடு, வறண்ட ஏரிப் படுகைகள். அந்த ஆண்டு ஹோண்டாவுக்கு விளம்பரம் தேடித்தர டேவ் ஈக்கின்ஸ், பில் ராபர்ட்சன் என்ற இருவர் 250 சிசி பைக்குகளில் அந்தத் தூரத்தைக் கடந்தார்கள். ஈக்கின்ஸுக்கு 39 மணி 56 நிமிடம் ஆனது. வழியில் நேரம் குறிக்க ஆள் இல்லை. கிளம்பும்போது டிஹுவானாவில் ஒரு தந்தி, போய்ச் சேர்ந்ததும் லா பாஸில் ஒரு தந்தி. அந்த முத்திரைகள்தான் சாட்சி.

நான்கு சக்கர வண்டி அந்த நேரத்தை முறியடித்தது 1967 ஏப்ரலில். முறியடித்தவர் புரூஸ் மேயர்ஸ், கலிஃபோர்னியாவில் ஃபைபர் கிளாஸ் படகு கட்டிக்கொண்டிருந்தவர். 1964-ல் அவர் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினையும் கியரையும் எடுத்து, படகு செய்யும் அதே ஃபைபர் கிளாஸில் ஒரு திறந்த கூட்டைச் செய்து அதில் பொருத்தினார். அந்தத் திறந்த பக்கிக்கு மேயர்ஸ் மேங்க்ஸ் என்று பெயர். பின்னால் வந்தவற்றுக்குப் பீட்டிலின் அடித்தட்டையே சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறுக்கிப் பயன்படுத்தினார். பார்த்தால் பொம்மை. ஆனால் பாலைவனத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் உடைவதற்கு ரேடியேட்டரே இல்லை. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையின் பெரும்பகுதி ஓட்டும் சக்கரங்களின் மேல் விழும். மணலில் இரண்டு சக்கர ஓட்டமே போதும். எடை குறைவு. மேயர்ஸும் டெட் மேங்கெல்ஸும் லா பாஸிலிருந்து டிஹுவானாவுக்கு 34 மணி 45 நிமிடத்தில் வந்துவிட்டார்கள்.

பைக்கை பக்கி முந்திவிட்டது என்றதும் பந்தயம் நடத்தாமல் இருக்க முடியுமா? அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மெக்சிகன் 1000 தொடங்கியது. பின்னாளில் பாஹா 1000 என்று உலகம் அறிந்தது இதைத்தான். 68 வண்டிகள் கிளம்பின. விக் வில்சனும் மேங்கெல்ஸும் ஒரு மேங்க்ஸில் 27 மணி 38 நிமிடத்தில் வந்து வென்றார்கள். மேயர்ஸுக்குப் புகழ் வந்தது, காசு தங்கவில்லை. அவருடைய காப்புரிமை நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. ஊரெங்கும் போலிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் நிறுவனமே மூடப்பட்டது. 2021-ல் தன் 94-ம் வயதில் அவர் இறந்தார்.

அந்தக் காலத்துப் பாலைவன வண்டியை உருவாக்கும் முறை இதுதான்: ஒரு சாதாரணக் காரை எடு, வேண்டாததைக் கழற்று, ஓட்டிப் பார், உடைந்த இடத்தில் இரும்பைக் கூட்டி வெல்டிங் செய். வரைபட மேசை கிடையாது, சோதனைக்கூடம் பாலைவனமேதான். முன் அச்சு வளைந்தால் வழியிலேயே நிமிர்த்துவார்கள். வெல்டிங் இயந்திரம் இல்லாத இடத்தில் கார் பேட்டரிகளை வரிசையாக இணைத்தே பற்ற வைத்துவிடுவார்கள். ஓட்டியவரும் கட்டியவரும் பெரும்பாலும் ஒரே ஆள். என்ன உடையும் என்று அவருக்குக் கைவிரல் நுனியில் தெரியும்.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 1973-ல் தீபகற்ப நெடுஞ்சாலை முழுமை பெற்றது. மிக்கி தாம்ப்சன் தொடங்கிய ஸ்கோர் அமைப்பு பந்தயத்தை எடுத்து நடத்தியது. பணம் வந்தது, பணத்தோடு டிராஃபி டிரக் என்ற அசுரனும் வந்தது. அதன் விலை பல லட்சம் டாலர். பீட்டில் காரை ஏறத்தாழ அப்படியே ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு பிரிவு இன்றுவரை இருக்கிறது. அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் நடுத்தரக் காசுக்காரர் ஒருவர் கடைக்குப் போய் வண்டி வாங்கிப் பந்தயத்தில் நிற்க முடியும் என்ற நிலை மெல்ல மறைந்துபோனது.

அந்த இடைவெளியை நிரப்பிய வண்டி பந்தயத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1988-ல் கவாசாகி கொண்டுவந்த மியூல், பண்ணையில் வைக்கோலும் வேலிக்கம்பியும் சுமக்கும் வண்டி. ஏடிவி என்ற நான்கு சக்கர பைக்கில் குதிரையில் ஏறுவது போல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். இதில் இருவர் பக்கம் பக்கமாக இருக்கையில் உட்காரலாம். ஸ்டியரிங் சக்கரமும் உண்டு. சைட் பை சைட் என்கிற வகைக்கு அடையாளம் அவ்வளவுதான். 2004 மாடலாக யமஹா விட்ட ரைனோவும் பண்ணைச் சாயல் கொண்டதுதான். 660 சிசி, ஒற்றை சிலிண்டர். ஆனால் குறுகலானது, துடிப்பானது. வாரக் கடைசியில் மணல்மேட்டுக்குப் போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கரத்தை அகலப்படுத்தினார்கள், நீளமான ஷாக் அப்சார்பர் போட்டார்கள், கூண்டை வெட்டிப் புதிதாகக் கட்டினார்கள். மேயர்ஸின் காலம் இன்னொரு முறை வந்தது போல் இருந்தது.

உடைந்தது இம்முறை இரும்பு மட்டுமல்ல. உயரமும் குறுகலுமான அந்த வண்டி திருப்பங்களில் கவிழ்ந்தது. கவிழும்போது ஓட்டியவர் தன்னிச்சையாகக் கையையோ காலையோ வெளியே ஊன்றுவார். வண்டி அதன் மேல் விழும். 2007-ல் யமஹா இலவசமாகக் கதவுகளும் பயணிக்குப் பிடிமானமும் பொருத்தித் தந்தது. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கணக்கில் ரைனோ விபத்துகளில் இறந்தவர்கள் 46 பேர். விற்பனை நிறுத்தப்பட்டது. பின் சக்கரங்களை வெளித்தள்ள இடைத்துண்டு, பின்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கழற்றுதல் என்று பழுது நீக்கும் திட்டம் வந்தது. இந்த வண்டிகளின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. எஞ்சினை முதலில் வடிவமைத்து மனிதனை மேலே உட்காரவைக்கும் வழக்கம் இதோடு ஆட்டம் கண்டது.

மாற்று வடிவம் அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. 2008 மாடலாக வந்த போலாரிஸ் நிறுவனத்தின் ஆர்இசட்ஆரில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் இல்லை, பின்னால் போய்விட்டது. அதனால் ஆட்கள் தாழ்வாக உட்கார முடிந்தது, வண்டியின் கனமும் தரையை ஒட்டி இறங்கியது. அகலம் 50 அங்குலம்தான், எடை ஏறத்தாழ 430 கிலோ. காட்டுப்பாதைக்கான வண்டி இது. ஆனால் பாலைவனப் பந்தயக்காரர்கள் அதையும் விடவில்லை. அவர்கள் உடைத்தார்கள், நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்தது. 2011-ல் எக்ஸ்பி 900 வந்தபோது, பந்தயக்காரர்கள் தனியே வாங்கிப் பூட்டிய நீள் சஸ்பென்ஷன் தொழிற்சாலையிலிருந்தே வந்தது.

சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்ற அளவைப் பார்த்தாலே கதை புரியும். ரைனோவில் சுமார் 7 அங்குலம். முதல் ஆர்இசட்ஆரில் 9 சொச்சம். எக்ஸ்பி 900-ல் 14 வரை. 2014-ன் எக்ஸ்பி 1000-ல் பின்சக்கரத்துக்கு 18. 2017 மாடலாக கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3 வந்தபோது அதன் அகலமான வகையில் 24. இப்போதைய மேவரிக் ஆரில் 26. குதிரைத்திறனும் கூடவே ஏறியது: எக்ஸ்பி 900-ல் 88, எக்ஸ்3-ல் முதலில் 154, போலாரிஸ் புரோ ஆரில் 225, மேவரிக் ஆரில் 240. விளம்பரங்கள் பின்னதைத்தான் கத்திச் சொல்கின்றன. நேரத்தைக் குறைத்தது முன்னது. பாலைவனப் பாதையில் வண்டிகள் ஓடி ஓடி அலை அலையாக மேடுபள்ளம் விழும். பந்தயக்காரர்கள் அதை வூப்ஸ் என்பார்கள். கிலோமீட்டர் கணக்கில் நீளும் அந்த அலைகளில் வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். தொடர்ந்து அடிவாங்கினால் எண்ணெய் சூடேறி நீர்த்துவிடும், பிடிப்பு போய்விடும். எண்ணெய்க்குத் தனிக் கலன் வைத்தது, தண்டின் நிலைக்கேற்ப எண்ணெய் வேறு வேறு வழியில் பாயும்படி குழாய் அமைத்தது எல்லாமே பந்தய வண்டிகள் கற்ற பாடங்கள்தான். 2018 மாடலில் போலாரிஸ் கணினியையும் சேர்த்தது. ஸ்டியரிங், பிரேக், வேகம் ஆகியவற்றைப் பார்த்து ஷாக்கின் இறுக்கத்தை ஓட்டத்திலேயே அது மாற்றும்.

பிடிவாதமாக உடைந்துகொண்டே இருந்தது ஒரு ரப்பர் பெல்ட். நம் ஊர் கியர் இல்லா ஸ்கூட்டருக்குள் ஓடுகிற அதே ஏற்பாடுதான்: இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட், கப்பியின் விட்டம் மாறும்போது வேகவிகிதம் மாறும். எளிது, மலிவு, யாரும் ஓட்டலாம். ஆனால் ஸ்கூட்டர் பெரும்பாலும் பத்துக் குதிரைத்திறனைக் கூடத் தொடாது. இங்கே அதைப்போல் பதினைந்து இருபது மடங்கு. ஆழமான மணலில் வண்டி திணறும்போது பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கிழியும். பந்தய வண்டிகள் மாற்று பெல்ட்டைச் சுமந்துகொண்டே ஓடுகின்றன. ஓட்டுநரின் கண்ணெதிரே பெல்ட்டின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் வைக்கிறார்கள். பெல்ட் அறைக்குக் காற்று ஊதத் தனி விசிறி. பக்கத்தில் உட்காரும் வழிகாட்டியின் வேலைகளில் ஒன்று, கொதிக்கும் அறையைத் திறந்து சில நிமிடங்களில் பெல்ட்டை மாற்றுவது.

பெல்ட்டே வேண்டாம் என்று முடிவெடுக்க இந்தத் தொழிலுக்கு நெடுங்காலம் ஆனது. 2016 மாடலான யமஹா ஒய்எக்ஸ்இசட் கியர் பெட்டியோடு வந்தது. 2019-ல் ஹோண்டா டேலன் இரட்டை கிளட்ச் கியரோடு வந்தது. இரண்டுமே நல்ல வண்டிகள், ஆனால் டர்போ இல்லை. விற்பனையில் பெல்ட் வண்டிகளை அசைக்க முடியவில்லை. 2024 மாடலான மேவரிக் ஆரில்தான் டர்போ எஞ்சினும் ஏழு கியர் இரட்டை கிளட்ச்சும் ஒன்றாகச் சேர்ந்தன.

வேகமாக வளர்ந்ததன் விலையும் பதிவாகியிருக்கிறது. 2016 ஏப்ரலில் போலாரிஸ் 1,33,000 ஆர்இசட்ஆர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 160-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் பதிவாகியிருந்தன. அவற்றில் பதினைந்து வயதுப் பயணி ஒருவர் இறந்திருந்தார். குறைகளை உரிய நேரத்தில் தெரிவிக்காததற்காக 2018-ல் 2.725 கோடி டாலர் அபராதமும் கட்டியது. ஆளின் முதுகுக்குப் பின்னால் எஞ்சினைக் கொண்டுபோனால் வண்டியின் கனம் தாழும் என்பது உண்மை. சூடும் அங்கேதான் சேரும் என்பதும் உண்மை.

இன்று ஒரு புதிய வண்டி உருவாகும் விதம் முற்றிலும் வேறு. சட்டகம் முதலில் கணினியில் முறிகிறது; எந்த மூட்டில் அழுத்தம் கூடுகிறது என்று திரை நிறம் மாறிக் காட்டும். பிறகு சென்சார்கள் பூட்டிய மாதிரி வண்டி கலிஃபோர்னியாவின் மணல்மேடுகளிலும் ஜான்சன் வேலியின் பாறைகளிலும் ஓடும். அதன் பின் பந்தயம். டகார் என்னும் நெடுந்தூரப் பந்தயம் 2017-ல் இந்த வண்டிகளுக்குத் தனிப் பிரிவு திறந்தது. முதல் வெற்றி பிரேசிலின் லியாண்ட்ரோ டோரஸுக்கு, போலாரிஸில். அடுத்த பல ஆண்டுகள் கேன்-ஆம் கையில். 2020-ல் கேசி கரி வென்றார். 2023-ல் போலந்தின் எரிக் கோசாவ் பதினெட்டு வயதில் வென்று டகாரின் மிக இளைய வெற்றியாளர் ஆனார். 2024-ல் புரோ ஆர் மூலம் போலாரிஸ் திரும்பி வந்தது. சந்தை வண்டியை அடிப்படையாகக் கொண்டவை எஸ்எஸ்வி பிரிவில் ஓடும். புதிதாகவே கட்டியவை சேலஞ்சர் பிரிவில். எனக்கு முதல் பிரிவில்தான் ஆர்வம். அங்கே சட்டகம் விரிசல் விட்டால், கடையில் விற்ற ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கும் அது செய்தி.

ஓட்டுகிறவனே கட்டுகிற மரபு முற்றாகச் சாகவில்லை. 2009 டகாரில் கார்களில் மூன்றாவதாக வந்த ராபி கார்டன், வைல்ட்கேட் எக்ஸ்எக்ஸ் என்ற சைட் பை சைட் வண்டியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். பிறகு ஸ்பீட் என்று சொந்த நிறுவனமே தொடங்கினார். வண்டிகள் வாங்கியவர்கள் கைக்கு வரத் தாமதமானது. ஃபைபர் கிளாஸ் கூடு ஒன்றைச் செய்து விற்ற காலத்தைப் போல, பெரும் தொழிற்சாலைகளோடு தனியொருவர் போட்டியிடுவது இன்று எளிதல்ல.

அந்த மரபின் இன்னொரு கிளை நம் பக்கமும் நீண்டிருக்கிறது. 1976-ல் அமெரிக்காவின் சௌத் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் போட்டி, பாஹா என்ற அதே பெயரோடு 2007 முதல் இந்தியாவில் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிப் பட்டறைகளிலிருந்தும் சிறிய எஞ்சின் பூட்டிய ஒற்றை இருக்கை வண்டிகள் இந்தூரை அடுத்த பிதாம்பூருக்குப் போகின்றன. அங்கே உடைகிற வண்டியை அன்றிரவே வெல்டிங் செய்கிற மாணவர்களுக்கு மேயர்ஸ் பாடமாக வருவதில்லை, வரலாம்.

பழைய எளிமைக்காக ஏங்குவதில் எனக்கு உடன்பாடு பாதிதான். முதல் ஆர்இசட்ஆர் ஏறத்தாழ பத்தாயிரம் டாலர். மேவரிக் ஆர் அறிமுகமானபோது தொடங்கியதே முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். எடையும் ஏறக்குறைய இரு மடங்கு. வழியில் நின்றால் சுத்தியல் போதாது, மடிக்கணினி வேண்டும். இதெல்லாம் இழப்புதான். ஆனால் தாழ்ந்த இருக்கை, அகலமான நிற்பு, உறுதியான கூண்டு, மாட்டினால்தான் வேகமெடுக்க விடும் இருக்கைப் பெல்ட் ஆகியவை இல்லாத காலம் திரும்ப வேண்டியதில்லை. அதேசமயம் 240 குதிரைத்திறனை யாருக்கும் பயிற்சியின்றிக் கடையில் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

துபாய்க்குப் போகும் நம்மவர்கள் பலரும் மணல்மேட்டில் 'டெசர்ட் பக்கி' ஓட்டிவிட்டு வருகிறார்கள். அங்கே வாடகைக்கு நிற்பவை பெரும்பாலும் இதே ஆர்இசட்ஆரும் மேவரிக்கும்தான். ஏறுவதற்கு முன் தலைக்கவசம் கேளுங்கள். தோள் பெல்ட்டை இறுக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். பிள்ளையின் கால் தரைத்தட்டை எட்டவில்லை என்றால் ஏற்றாதீர்கள். வண்டி சாயத் தொடங்கினால் கையையோ காலையோ வெளியே நீட்டாதீர்கள்.