உங்களுக்குத் தெரியுமா? கல்பாக்கத்திலும் குழாய் உறையும்!

டொராண்டோவில் வாழும் தமிழர்கள் பனிக்காலத்தில் குளிரில் கிடக்கும் தண்ணீர்க் குழாய்மேல் மின்கம்பி ஹீட்டர் சுற்றுவதுண்டு. இதே வேலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கத்திலும் நடக்கிறது. அதுவும் கத்திரி வெயிலில்!

இங்கே குழாயில் ஓடுவது தண்ணீரல்ல, திரவ சோடியம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத்தைக் கடத்திச் செல்வது இந்த உலோகம்தான். வெப்பத்தை அருமையாகக் கடத்தும். கொதிக்க 880 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் சுமார் 98 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கட்டியாகிவிடும். நம் கோடை வெயில் அதற்குக் கடுங்குளிர்.

எனவே சோடியத்தை நிரப்புமுன்பே குழாய்களைச் சூடேற்றுகிறார்கள். குழாய் நெடுக மின் ஹீட்டர்கள், மேலே வெப்பக்காப்புப் போர்வை, ஆங்காங்கே வெப்பநிலை உணரிகள். உலை நின்றாலும் சூடு குறையவிடுவதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் உறையும்போது விரிந்து குழாயை வெடிக்க வைக்கும். சோடியம் உறையும்போது சுருங்கி, உருகும்போது விரியும். உறைந்த குழாயின் நடுப்பகுதியை முதலில் சூடாக்கினால், உருகிய உலோகம் இருபுறமும் வழியின்றிக் குழாயையே பிளந்துவிடலாம். கசிந்தால் காற்றுபட்டுத் தீப்பிடிக்கும். ஆகவே விரிய இடமுள்ள முனையிலிருந்தே மெல்ல உருக்கிக்கொண்டு வரவேண்டும்.