சிறு மின்கலத்தை இனங்காணல்

வாயிற் கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் கைக்கருவி ஒருநாள் திடீரென ஓய்ந்துவிடுகிறது. மூடியைக் கழற்றினால், சுண்டு விரலின் பாதியளவேயுள்ள ஓர் உருளை வடிவ மின்கலம் காணப்படுகிறது. மின்சூழுக்கு இடும் கலமுமன்று. சுவர் மணிக்கூட்டுக்கு இடுவதுமன்று. வீட்டுக்காரர் அதைக் கடைக்குக் கொண்டு செல்கிறார். கடைக்காரரோ பெட்டியைத் துழாவி, ஏறக்குறைய அதே பருமனுள்ள வேறொன்றை எடுத்துக் கொடுக்கிறார். தவறு நேர்வது இங்கேதான். கலத்தின் உருவத்தைக் கொண்டு அதன் மின்னழுத்தத்தை அறிய இயலாது.

23ஏ எனப்படும் கலத்தையே எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய 28.5 மி.மீ.; விட்டம் 10.3 மி.மீ. இதனின் சற்றே பருத்த 'என்' வகைக் கலம் தருவது 1.5 வோல்ற்று, 23ஏ தருவதோ 12 வோல்ற்று! சிறியது பெரியதை விஞ்சுவது எங்ஙனம்? காரக் கலத்தினுள் நாகமும் மங்கனீசு ஈரொட்சைட்டும் தாக்கமுறும்போது, கலம் பெரிதாயினும் சிறிதாயினும், பிறப்பது ஏறக்குறைய 1.5 வோல்ற்றே. ஆகவே 23ஏயின் உறைக்குள் எட்டுப் பொத்தான் கலங்கள், நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அதன் மறுபெயர் 8எல்ஆர்932. 8 கலங்கள், 'எல்' என்பது காரவகை, 'ஆர்' என்பது வட்டவடிவம், ஒவ்வொன்றும் 9.3 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிப்பும் உடையது. எட்டை 3.2ஆற் பெருக்கினால் 25.6 மி.மீ.; உறையும் முனைகளும் சேர, நீளக் கணக்குச் சரியாகிவிடுகிறது. 1976இல் வெளிவந்த கனன் ஏஈ-1 புகைப்படக் கருவி கேட்கும் 4எல்ஆர்44 கலம் 6 வோல்ற்று என்பதும் இவ்வாறே விளங்கும்.

இதற்கு மாறான ஆபத்தும் உண்டு. 14500 என்ற இலித்தியம் அயன் கலம் 14 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் கொண்டது; சாதாரண 'ஏஏ' கலத்தின் இடத்தில் இலகுவாகப் பொருந்திவிடும். ஆனால் அதன் அழுத்தம் 3.7 வோல்ற்று, முழுதும் மின்னேற்றினால் 4.2. 1.5 வோல்ற்றுக்கென அமைந்த கருவி இதனாற் பழுதடையக்கூடும்.

உறையிலுள்ள எழுத்து அழிந்திருந்தால், முதலில் கருவியின் மூடிக்குள் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவுமில்லையெனில் அடிமட்டத்தால் அளந்து, வோல்ற்றுமானியையும் வைத்துப் பார்க்கலாம். ஓய்ந்த கலம் முழு அளவைக் காட்டாதுதான். ஆயினும் 8 அல்லது 9 வோல்ற்றுக் காட்டும் ஒன்று 1.5 வோல்ற்றுக் கலமாக இருக்க முடியாதன்றோ? 27ஏ என்பதும் 12 வோல்ற்றே. ஆனால் விட்டம் 8 மி.மீ. மட்டுமே. 23ஏயின் இடத்தில் அது தளர்ந்து கிடந்து, தொடுகை விட்டு விட்டுத் தொல்லை தரும்.

புதியதை இடுமுன் தொடுகைத் தகடுகளைக் கவனித்தல் நன்று. வெண்பொடி படிந்திருந்தால், கலத்திலிருந்த காரம் கசிந்திருக்கிறது என்பது பொருள். வினாகிரியிற் சிறிது தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும்; அக்கையாற் கண்ணைத் தொடலாகாது. சுருள் வில் உள்ள பக்கத்தில் வருவது பெரும்பாலும் எதிர் முனை.

பழைய கலத்தைப் பிளந்து உள்ளிருக்கும் பொத்தான்களை எடுத்துப் பயன்படுத்தச் சிலர் முனைவதுண்டு. அது வேண்டாத வேலை. குழந்தை விழுங்கிய பொத்தான் கலம் உணவுக் குழாயிற் சிக்கினால், சில மணி நேரத்துக்குள்ளேயே அவ்விடத்தைப் புண்ணாக்கிவிடும். அத்தகைய வேளையில் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.