ஓலையில் மலரும் விண்மீன்

நுழையும்முன்

விழாவின் அழகு கடைவீதியில் விலைக்குக் கிடைக்கும் பொருள்களில் மட்டும் இருப்பதில்லை. வைக்கோல், களிமண், மூங்கில், பனையோலை ஆகிய எளிய பொருள்களும் மனிதக் கையின் உழைப்பால் விழாக்கோலம் பெறுகின்றன. கிறித்து பிறப்பு விழாவுக்கான அணிப்பொருள்களையும் சிறு பரிசுகளையும் நம் மண்ணின் பொருள்களைக் கொண்டே ஆக்கும் முறையையும், அம்முறையோடு பிணைந்துள்ள செட்டிநாட்டுக் கைவினை ஒன்றின் நிலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விழாவும் மண்ணும்

சிவகங்கை மாவட்டத்தில் அமைந்துள்ள நாட்டரசன்கோட்டை, கம்பர் அடங்கிய இடமாகப் போற்றப்படும் நினைவிடத்தைக் கொண்ட ஊர். சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாளின் நிறைவு விழா, பங்குனி அத்த நாளில் இவ்வூரிலேயே நிகழ்வது வழக்கம். வடநாட்டுக் கோசலத்தைப் பாடவந்த கம்பர், அந்நாட்டைத் தமிழகத்து மருத நிலமாகவே கண்டார். வயலும் வாய்க்காலும் கரும்பும் தாமரையுமாகக் கோசலம் அவர் பாட்டில் விளங்குகிறது.

பிற்காலத்தில் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவரும் இதே வழியில் நடந்தார். வளனை, அதாவது சூசையப்பரைக் காப்பியத் தலைவராகக் கொண்டு அவர் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. அதில் வரும் யூதேயா நாடும் தமிழ் நிலத்தின் வளத்தோடே காட்சி தருகிறது. தொலைநாட்டுக் கதை நம் நிலத்தின் நிறத்தை ஏற்கும்போது அது நமக்கு அயலாக இருப்பதில்லை. காப்பியத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை விழாவுக்கும் பொருந்தும். வீட்டில் இருப்பதையும் தோட்டத்தில் கிடைப்பதையும் கொண்டு அணிசெய்யப்படும் விழாவே அவ்வூருக்கு உரிய விழாவாகிறது.

சிவகங்கைச் சீமைக்குக் கிறித்தவ மரபு புதியதன்று. இடைக்காட்டூரில் பிரெஞ்சு நாட்டுக் குரு பெர்டினாண்ட் செல் எழுப்பிய திரு இருதய ஆலயம் 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரான்சின் இரெய்ம்சு நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவ்வாலயம், வைகைக் கரையின் வயல்களுக்கு நடுவே நிற்கிறது. மார்கழிப் பனியில் இப்பகுதிச் சிற்றூர்களின் வீட்டு வாயில்களில் விண்மீன் விளக்குகள் ஒளிர்வதும், முற்றத்தில் குடில் எழுவதும் ஆண்டுதோறும் காணும் காட்சிகள்.

குடில் அமைத்தல்

கிறித்து பிறப்பைக் காட்சியாக அமைக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1223ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரேச்சியோ என்னும் மலையூரில் அசிசி நகர்ப் பிரான்சிசு ஒரு குகையில் தீவனத் தொட்டியை வைத்து, வைக்கோல் பரப்பி, எருதையும் கழுதையையும் நிறுத்தி அக்காட்சியை அமைத்தார். எழுத்தறியாத எளிய மக்களும் கண்ணால் கண்டு உணரவேண்டும் என்பதே அவர் நோக்கம். பொன்னும் பட்டும் அதில் இடம்பெறவில்லை. எளிமையே குடிலின் இலக்கணம் என்பதை அதன் தொடக்கமே உணர்த்துகிறது.

தமிழ்நாட்டுக் குடில் நம் மாட்டுத்தொழுவத்தின் சிறு வடிவமாகும். நான்கு குச்சிகளைக் கால்களாக நட்டு, மூங்கில் பிளாச்சுகளால் சட்டம் கட்டி, பனையோலையோ வைக்கோலோ வேய்ந்தால் கூரை அமைந்துவிடும். உருவங்களைக் களிமண்ணால் செய்து நிழலில் உலர்த்தலாம். வெயிலில் விரைந்து உலர்த்தினால் மண் வெடிக்கும். மட்பாண்டத்துக்கும் கடம் என்னும் இசைக்கருவிக்கும் புகழ்பெற்ற மானாமதுரை இம்மாவட்டத்திலேயே உள்ளது. எனவே, சிறு அகல்களும் மண் உருவங்களும் இப்பகுதியில் கிடைத்தற்கு அரியவை அல்ல.

குடிலைச் சுற்றிப் பசும்புல் வெளி வேண்டுமெனில் முளைப்பயிரே போதும். கேழ்வரகை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அகன்ற மண்தட்டில் ஈர மண்ணைப் பரப்பி விதைத்து, நாள்தோறும் நீர் தெளித்து வரவேண்டும். டிசம்பர் 14 அல்லது 15இல் விதைத்தால் விழா நாளில் பயிர் பசுமையாக நிற்கும். அம்மன் கோவில் முளைப்பாரியில் நம் பெண்கள் கையாளும் அதே அறிவு, இங்குக் குடிலின் வயலாகிறது.

விண்மீன் செய்தல்

கீழ்த்திசை ஞானியருக்கு வழிகாட்டிய விண்மீனின் நினைவாக வாயிலில் விண்மீன் விளக்கு தொங்கவிடப்படுகிறது. அதை வீட்டிலேயே செய்ய மூங்கில் பிளாச்சு, நூல், வண்ணத்தாள், பசை ஆகியவை போதும்.

60 செ.மீ. நீளமுள்ள பிளாச்சுகள் பத்தினை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 23 செ.மீ. தொலைவில் குறியிட வேண்டும். ஐந்து பிளாச்சுகளை முனையோடு முனை சேர்த்து, குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு வைத்துக் கட்டினால் ஐம்முனை விண்மீன் உருவாகும். ஒவ்வொரு முனையின் கோணமும் 36 பாகை இருக்கும். இவ்வாறே மற்றொன்றும் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் கட்ட வேண்டும். பிறகு, பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து உள்மூலைகளிலும் 10 செ.மீ. நீளக் குச்சிகளைக் குறுக்கே நிறுத்தினால், தட்டையாக இருந்த சட்டம் புடைத்து எழும். மைதா மாவைக் காய்ச்சிய பசையால் அதன்மேல் வண்ணத்தாளை ஒட்டலாம். முனைக்கும் குறிக்கும் இடையிலுள்ள 23 செ.மீ. நீளத்தோடு எஞ்சிய 37 செ.மீ. நீளத்தை ஒப்பிட்டால், கணிதத்தில் பொன் விகிதம் எனப்படும் 1.618 என்னும் எண்ணுக்கு நெருங்கிய மதிப்புக் கிடைக்கும். உள்ளே சிறிய எல்.இ.டி. விளக்கையே வைக்க வேண்டும். தாளும் மூங்கிலும் எளிதில் தீப்பற்றுபவை ஆதலின், மெழுகுதிரி கூடாது.

தெரியுமா?

கையால் செய்யும் விண்மீன் பல நாடுகளுக்கும் பொது. 1830களில் செருமனியின் நீசுகி என்னும் ஊர்ப் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காக மாணவர்கள் தாளால் பல முனை விண்மீனைச் செய்தனர். அதுவே 'மொரேவிய விண்மீன்' என உலகெங்கும் பரவியது. பிலிப்பைன்சு மக்கள் மூங்கிலாலும் தாளாலும் செய்யும் விண்மீன் விளக்கைப் 'பரோல்' என்பர்.

தாளுக்கு மாற்றாகப் பனையோலையும் உதவும். ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்தில் ஓலையை வார்ந்து, சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் அது முறியாமல் வளையும். அத்தகைய கீற்று ஒன்றைத் தளர்வாக முடிச்சிட்டு, மெல்ல இறுக்கித் தட்டையாக அழுத்தினால் ஒழுங்கான ஐங்கோணம் தோன்றும். இத்தகைய முடிச்சுகளை நூலில் கோத்தால் ஓலைமாலை அமைகிறது. கோவில் விழாவிலும் திருமண வீட்டிலும் தொங்கும் குருத்தோலைத் தோரணமும், குருத்தோலை ஞாயிறன்று கிறித்தவர் கையில் ஏந்தும் ஓலைச் சிலுவையும் இவ்வோலை மாலைக்கு உறவுடையவை. பசுங்குருத்தைப் பறிக்கும்போது அளவறிந்து பறித்தல் வேண்டும். ஒரு மரத்தின் குருத்துகளை எல்லாம் கொய்தால் மரமே நலியும். பனை நம் மாநில மரம் என்பதை மறத்தல் ஆகாது.

கொட்டான் என்னும் கொடைக்கலம்

ஞானியர் குழந்தைக்குப் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் படைத்தனர் என்பது விவிலியச் செய்தி. அதன் நினைவாகவே இவ்விழாவில் பரிசளிக்கும் வழக்கம் உள்ளதாகக் கூறுவர். பரிசைப் பொதிந்து தருவதற்குச் செட்டிநாடு நெடுங்காலமாகவே ஒரு கலத்தை வைத்திருக்கிறது. அது 'கொட்டான்' எனப்படும் ஓலைப்பெட்டி. நகரத்தார் இல்லத் திருமணங்களிலும் சடங்குகளிலும் பூ, பழம், வெற்றிலை பாக்கு, பலகாரம் ஆகியவை கொட்டானில் வைத்தே வழங்கப்பட்டன. பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து பளிங்கும் வந்திறங்கிய பெருவீடுகளில், ஆச்சிமார் ஓய்வு வேளைகளில் அமர்ந்து கொட்டான் முடைந்தனர். மணியும் நூற்பின்னலும் துணியும் கொண்டு அதற்கு அழகு சேர்த்தனர்.

சிறு கொட்டான் ஒன்றை எவரும் முயன்று முடையலாம். ஒரே அகலமுள்ள பதினாறு கீற்றுகளில் எட்டினை நெடுக்காகவும் எட்டினைக் குறுக்காகவும் வைத்து, ஒன்று மேல் ஒன்று கீழ் எனப் பின்னினால் சதுரமான பாய் உருவாகும். சதுரத்தின் மூலைகளை மடக்குதல் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உள்ள இரு கீற்றுகளை ஒன்றையொன்று கடக்கச் செய்து மேலே தூக்க வேண்டும். அந்நான்கு நடுப்புள்ளிகளே பெட்டியின் நான்கு அடிமூலைகளாகும். பின்னர்ச் சாய்வாகவே பின்னிக்கொண்டு மேலேறி, வேண்டிய உயரம் வந்ததும் கீற்றுகளின் நுனிகளை மடித்து முன்பின்னலுக்குள் செருகிவிட வேண்டும். நூலோ பசையோ இதற்குத் தேவையில்லை. முதற்பெட்டி கோணலாக அமையலாம். அதை அவிழ்த்து, அதே கீற்றுகளை மீண்டும் நனைத்து முடையலாம்.

அக்கொட்டானில் சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் போன்ற வீட்டுப் பலகாரங்களை வைத்து அளிப்பது நிறைவான பரிசாகும். அகத்திக்கீரை, அவரை, பூசணி விதைகளைச் சிறு தாள்பொதிகளில் இட்டுத் தரலாம். பழைய பருத்திப் புடவையைத் தைத்த பையும் பரிசாகும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. துணிப்பையை மீண்டும் பழக்கத்துக்குக் கொண்டுவர, 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. வீட்டில் தைத்த பை, பரிசாகவும் பரிசைப் பொதியும் உறையாகவும் ஒருங்கே பயன்படும்.

கையோடு மறையும் அறிவு

எளிதில் செய்யத்தக்க இப்பொருள்கள் ஏன் அருகின? நெகிழிக் கூடை மலிவாகக் கிடைத்தது. அது நனைந்தாலும் கெடவில்லை. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. சடங்குகள் சுருங்கின. கொட்டான் தேவைப்படும் நாள்கள் குறைந்தபோது அதை முடைவோரும் குறைந்தனர். கைவினை அறிவு கையிலிருந்து கைக்குச் செல்வது. செய்முறையை எழுத்தில் குறிக்கலாம். கீற்றை எவ்வளவு நனைக்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை விரல்களே அறியும். ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பவர் இலர்.

இந்நிலையில், 2000ஆம் ஆண்டில் விசாலாட்சி இராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, செட்டிநாட்டுச் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துக் கொட்டான் முடைதலை மீட்டெடுத்தது. செட்டிநாட்டுக் கொட்டான் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் குறியீடு ஒரு கலையின் பெயரைக் காக்கும். அக்கலையைக் காப்பது அதன் பயன்பாடே. விழாக்காலத்தில் ஒரு வீடு நெகிழிப் பெட்டிக்கு மாற்றாக ஓலைப்பெட்டியைத் தேர்ந்தால், அதை முடைந்த பெண்ணுக்கு அன்றைய கூலி கிடைக்கிறது; பனைக்கும் மதிப்புக் கூடுகிறது. தாமே முடைந்து பார்த்தவர்க்கு அப்பெட்டியின் விலை மிகுதி என்று தோன்றாது. அதில் அடங்கியுள்ள பொழுதின் அளவை அவர் விரல்கள் அறிந்திருக்கும்.

கிறித்து பிறப்பு விழா முடிந்து மூன்று வாரங்களில் தைப்பொங்கல் வருகிறது. அதையடுத்து வரும் செவ்வாய்க்கிழமையில், நாட்டரசன்கோட்டைக் கண்ணுடைய நாயகி அம்மன் கோவில் முன்பு நகரத்தார் குடும்பங்கள் வரிசையாக அடுப்பு மூட்டிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கின்றன. அயலார் தந்த கலத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது தமிழர் வழக்கமன்று. டிசம்பரில் பலகாரம் சுமந்து ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சென்ற ஓலைக்கொட்டான், தையில் பச்சரிசியும் வெல்லமும் சுமந்து திரும்பி வரும். எறிந்துவிடும் பெட்டிக்கு அப்பயணம் வாய்ப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஓலை, நாணல், மூங்கில் ஆகியவற்றால் பொருள்கள் செய்வோரைச் சந்தித்து, அவர்கள் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படிக்க.
2. பாடத்தில் கூறிய முறையில் விண்மீன் அல்லது கொட்டான் ஒன்றைச் செய்து, நீங்கள் செய்த முறையைப் படிநிலைகளாக எழுதுக.
3. 'விழாக்களும் கைவினைஞர் வாழ்வும்' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.