வண்டி ஏன் கிளம்பவில்லை?

நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுதும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா? ஆனால் கார் நின்றுவிட்டால் மட்டும், காரணத்தைக் காணும் முன்பே பாகங்களை மாற்றத் தொடங்கிவிடுகிறோம். இயற்பியல் மாணவன் என்ற முறையிலும், பழைய அம்பாசடர் ஒன்றைக் குடும்ப வண்டியாக உடைய வீட்டுப் பிள்ளை என்ற முறையிலும் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசடர். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டு வரை அதன் உற்பத்தி நடந்தது. எங்கள் வண்டியில் இருப்பது 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். அதில் கணிப்பொறி எதுவும் இல்லை. பாகங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஆதலால் குறையை நாமே தேடிக் காண இயலும்.

எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும்: அதைச் சுழற்றும் மின்வலு, உரிய நேரத்தில் தீப்பொறி, காற்றோடு கலந்த பெட்ரோல். இம்மூன்றில் எது இல்லை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

செல்ப் சுழலாவிட்டால்

முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு செல்பை இயக்குங்கள். விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். மங்காமலே இருந்தால் மின்சாரம் செல்பில் பாயவில்லை என்று பொருள். சுவிட்சு, கம்பிகள், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.

எங்கள் வண்டி இவ்வாறு நின்றபோது, ஒரு பட்டறையில் பாட்டரியை மாற்றச் சொன்னார்கள். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அதற்குச் செலவாயிற்று. மறுவாரமே வண்டி மீண்டும் நின்றது. விளக்கோ மங்கவில்லை! அப்பாவும் நானும் தேடியதில், எஞ்சினைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியின் முனை அரித்திருக்கக் கண்டோம். உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம், செல்ப் சுழன்றது.

ஓமின் விதி இதை விளக்கும். செல்ப் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். கம்பி முனையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கு வீணாகிவிடும். 12 வோல்ட் பாட்டரியில் கால் பங்கு போய்விட்டதல்லவா?

செல்ப் சுழன்றும் கிளம்பாவிட்டால்

முதலில் பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு டெல்கோ மூடியின் நடுக் கம்பியைக் கழற்றி, காய்ந்த மரக்கவ்வியால் பிடித்து, எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துச் செல்பை இயக்கச் செய்யுங்கள். நீலப் பொறி பாய்ந்தால் காயில் நலம். பொறி வராவிட்டால் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று வரிசையாகச் சோதியுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலமும் பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் டெல்கோ மூடியின் உட்புற ஈரத்தைத் துடைத்தாலே சில வேளை போதும்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைப் பாருங்கள். கோடை நண்பகலில் நன்றாக ஓடி, சற்று நிறுத்தியபின் கிளம்ப மறுக்கிறதா? குழாயிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். பம்பின்மீது ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுங்கள். 2023 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். சூடான எஞ்சின்மீது பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். ஆதலால் குழாய்களை அடிக்கடி பாருங்கள். வெடித்தவற்றை உடனே மாற்றுங்கள்.

விளையாடக் கூடாத இடங்கள்

எஞ்சின் கொதித்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியசுக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் குறைந்து, ஆவியாகப் பொங்கி முகத்தை வேகவைத்துவிடும். ஆறிய பின்பே நீரின் அளவையும் பேன் பெல்ட்டையும் பாருங்கள்.

பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரப் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்த் தொடர்தான். ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் போய்விடும். பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள்.

ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறிக்கிறோம். காரிலும் அவ்வாறே செய்யுங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினோம், அதனால் என்ன ஆயிற்று என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வீண்செலவு பெரிதும் குறையும்.