செய்துவைத்த கோஷ்டிகளும் திரும்பிவரும் பாட்டுகளும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நிறைவுறும் இரவில், பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ ஓர் இசைக்கோஷ்டி வந்து மேடையேறுவதுண்டு. சினிமாப் பாட்டுகள் ஒரு சுற்று முடிந்தபின், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் 'சின்ன மாமியே' என்றோ 'சுராங்கனி' என்றோ விருப்பம் தெரிவிக்கும். அக்குரல் பெரும்பாலும் இளைஞனுடையதன்று.

இப்பாட்டுகள் தோன்றிய காலத்தில் அவற்றுக்கிருந்த மதிப்புச் சொற்பமே. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் கித்தாருடன் தமிழில் பொப் பாடியபோதும், பின்னர் ஏ. ஈ. மனோகரன் பைலா மெட்டைத் தமிழகம் வரை கொண்டுசென்று 'சிலோன் மனோகர்' ஆனபோதும், அதனைச் சங்கீதமென ஒப்பாதார் பலர். வேடிக்கைப் பாட்டு, வியாபாரப் பாட்டு என்பதே அவர்களது தீர்ப்பு.

வியாபாரம் என்னும் வசை மேனாட்டில் இன்னுங் கடுமையாக விழுந்தது. 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய 'மங்கீஸ்' கோஷ்டி, ஒரு நாடகத் தொடருக்கென ஆள் தெரிந்து அமைக்கப்பட்டது. முதலிரு இசைத்தட்டுகளிலும் வாத்தியங்களைப் பெரும்பாலும் வாசித்தோர் வேறு கலைஞர். இதனை அறிந்த உலகம் நகைத்தது. நால்வரும் நாணினர் போலும். 1967இல் மூன்றாவது தட்டில் தாமே வாசித்தனர். 'போனி எம்' கோஷ்டியின் கதை இன்னும் விசித்திரமானது. அதன் ஆண்குரல் தயாரிப்பாளர் பிராங்க் பாரியனுடையது. மேடையில் அக்குரலுக்கு உரியவராய் ஆடி நின்றவர் பொபி பரல்.

ஆனால் செய்துவைத்தது எது, தானே முளைத்தது எது என்று கோடு கிழிப்பது எளிதன்று. அதே 1966இல் இலங்கையில் 'மூன்ஸ்டோன்ஸ்' என்னும் சிங்களப் பொப் கோஷ்டி உருவாயிற்று. அதன் உயிர்நாடியான கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் அப்புத்தளையில் பிறந்தவர். இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்த்தவர். மெட்டும் குரலும் மலைநாட்டுச் சரக்கு. ஆயினும் கோஷ்டிக்குப் பெயர் சூட்டி வானொலியில் முன்னிறுத்தியவர் அறிவிப்பாளர் விஜய கொரயா. பெயர் இரவல் என்பதற்காக அவர்களைப் போலிகள் என்பார் எவருமில்லை. பிறர் கைபடாமல் எந்தக் கோஷ்டியும் ஒலிவாங்கியை எட்டியதில்லை, வேறுபாடு அளவில்தான்.

கிளாரன்ஸ் பின்னர் பிரிந்து 'கோல்டன் சைம்ஸ்' தொடங்கினார். பழைய தோழர் எனஸ்லி மாலேவன வந்து சேர, அது 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆயிற்று. இளமையில் நேர்ந்த கூடல் அது. முதுமையில் நேரும் கூடலையே உலகம் ஏளனஞ் செய்கிறது. நரைத்த தலைக்குச் சாயம், இறங்கிய சுருதி, நுழைவுச்சீட்டின் விலை என்று குறைகள் அடுக்கப்படுகின்றன. அவற்றில் பொய் ஒன்றுமில்லை.

ஆனால் ஊவாவின் பின்வரிசைக் குரல் சுருதி பார்த்து விருப்பம் தெரிவிப்பதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1970களில் பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தனர். 1984இல் அக்கப்பலும் நின்றது. ஒரே லயத்தில் ஒரே வானொலிப்பெட்டியைச் சூழ்ந்திருந்த அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகிய குடும்பங்கள் பல. பாடகர்கள் மீண்டும் கூடலாம். கேட்டவர்கள் கூட வழியில்லை. பாட்டு ஓடும் அந்த மூன்று நிமிடத்தில் லயம் பழையபடி நிறைகிறது. பாடுவோன் அசலா நகலா என்று அப்போது எவர் கேட்பார்?

கிளாரன்ஸ் 1996இலும் மனோகரன் 2018இலும் மறைந்தனர். 'போனி எம்' பெயரில் இறுதிவரை ஊர் ஊராய் ஆடிய பொபி பரல் 2010 டிசம்பரில் ருஷ்யாவில் ஆட்டம் முடிந்த மறுநாள் காலமானார். மங்கீஸ் நால்வரில் எஞ்சிய மைக்கேல் நெஸ்மித்தும் மிக்கி டொலென்சும் 2021 நவம்பர் 14ஆந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கடைசி முறையாகச் சேர்ந்து பாடினர். நான்கு வாரம் நிறையுமுன் நெஸ்மித் மறைந்தார்.